கிழக்குச் சுவர்

தேக்கு மரங்களுக்கு மேலே வெயில் ஏறியதும் முதலில் சிரித்தது ஆறாம் வகுப்பு.

அப்புறம் பெற்றோர் வரிசை. கடைசியில் மேளக்காரர்களும் வாசிப்பதை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மைக் முன்னால் நின்ற தலைமையாசிரியர் மர்தோயோ சாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. திறப்பு விழா உரையில் அவர் அப்போது நிலநடுக்கத்தில் பழைய பள்ளிக்கூடம் இடிந்து விழுந்த இடத்துக்கு வந்திருந்தார். யாரும் சிரிக்கிற இடமில்லை அது.

பக்கத்தில், ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நின்ற கணக்கு டீச்சர் வுர்யானி அவர் சட்டையைப் பார்த்தார். குனிந்து தன் உடையைப் பார்த்தார்.

இரண்டு வெள்ளை உடைகள் மீதும் பாத்திக் துணிக் கோலம் வெயிலும் நிழலுமாக விழுந்திருந்தது. சாய்சதுரக் கட்டங்கள், உள்ளே பூ, பட்டாம்பூச்சி, விரிந்த சிறகு. அவர் தோளில் பாதியில் நின்ற சிறகு டீச்சரின் தோளில் போய் முழுசானது.

சிதோமுக்தி. எங்கள் சோலோ ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாணத்தன்று ஜோடியாக உடுத்துகிற துணி.

கிழக்குச் சுவர் முழுக்க அதை, வெயில் புகும் செங்கல் சல்லடையாக வரைந்தவள் நான். இந்தப் பள்ளிக்கூடத்தின் ஆர்க்கிடெக்ட்.

அந்தச் சுவருக்காகக் கட்டடக் குழுவில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மர்தோயோ சார் கேட்டது காவுங் என்கிற கோலம். நுங்கைக் குறுக்கே வெட்டி வைத்ததுபோல் அடக்கமாக இருக்கும்.

"சிதோமுக்தி கல்யாணத் துணி. பிள்ளைங்க இங்க படிக்க வராங்களா, கல்யாணம் பண்ணிக்க வராங்களா?" என்று மேசையைத் தட்டினார். தேநீர் சிந்தியது.

"சிதோமுக்தின்னா நல்லா வாழணும்னுதானே சார் அர்த்தம்? பிள்ளைங்க நல்லா வாழ வேண்டாமா?" என்றேன்.

வுர்யானி டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று. பையன்கள் பந்தடித்தால் உடையுமா? உடையாது என்றேன். அவர் கை தூக்கினார். அவர் தூக்கியதும் சாரும் தூக்கிவிட்டார்.

சார் எப்போதும் அப்படித்தான். மனைவி இறந்த பிறகு தினமும் டெம்பே என்கிற சோயா வறுவலை இரண்டு பொட்டலமாக வாங்கி வந்து, "தெரியாம கூட வாங்கிட்டேன்" என்று ஒன்றை, அவரைப்போலவே துணையை இழந்த டீச்சரின் மேசையில் வைப்பார். தெரியாமல் வாங்குவது வருடக்கணக்காக நடக்கிறது. ஊருக்கே விஷயம் தெரியும். அவர்கள் இருவரும் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசியதில்லை. இந்த மாதக் கடைசியில் சாருக்கு ஓய்வு. அப்புறம் கடல் தாண்டி, பாலிக்பாப்பானில் மகன் வீடு.

விழாவுக்கு எல்லோரும் வெள்ளையில் வந்தால் புகைப்படம் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னேன். மைக்கை எங்கே வைப்பது என்று கேட்டபோது நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

"சார், ஜோடித் துணி போட்டாச்சு! சாப்பாடு எப்போ?" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள் கேன்டீன் பாரியெம்.

சார் அப்போதுதான் குனிந்து பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். காது சிவந்தது.

இடது பக்கம் ஓரடி நகர்ந்தால் நிழல். கோலமும் இல்லை, கேலியும் இல்லை. அந்த நிழலை அவர் பார்த்ததை எல்லோரும் பார்த்தோம்.

அவர் நகரவில்லை.

தட்டைக் கீழே வைக்கிற சாக்கில் டீச்சராவது ஒதுங்கியிருக்கலாம். அவரும் நகரவில்லை.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே வாசித்தார். தாள் முடிந்தது. திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் வாசித்தார். சூளைக்காரருக்கு நன்றி சொன்னார். மணலுக்கு நன்றி சொன்னார். பள்ளிக்கூடத்துப் புல்லைக் காலமெல்லாம் மேய்ந்த ஆடுகளுக்கும் நன்றி சொன்னார். வெயில் மேலேறி, கோலம் இருவர் காலடிக்கும் சரிந்து இறங்கிய பிறகுதான் ரிப்பனுக்கே வந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தார்.

"ஏம்மா, நான் காவுங்தானே கேட்டேன்?"

"ஆமா சார்."

"நல்லவேளை, நீ கேக்கல."

போகத் திரும்பியவர் மறுபடி வந்தார். "பாலிக்பாப்பான்ல புழுக்கம் தாங்காதாம். பையன் சொல்றான். போய்த்தான் ஆகணுமான்னு இருக்கு" என்றவர், தட்டில் இரண்டு டெம்பே எடுத்துக்கொண்டு பந்தியின் மறுகோடிக்கு நடந்தார். அங்கே வுர்யானி டீச்சர் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்.

என்ன பேசினார்களோ, எனக்குக் கேட்கவில்லை. டீச்சர் கரண்டியைச் சோற்றிலேயே விட்டுவிட்டு நேரே என்னை நோக்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் வந்தும் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வாடி, உனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொண்டையைச் சரிசெய்தபடியே என்னைத் தாண்டிப் போனார் அம்மா.