ஒரு திருடனுக்கு மூன்று கார்

“வண்டிய நிறுத்துன, குத்திருவேன்!”

பனியன் நகரத்தின் ராயபுரம் சிக்னலில் நின்ற ஸ்கூட்டரின் பின் சீட்டில் தாவி ஏறிய வீரணன், ஓட்டி வந்த பாண்டியம்மாளின் இடுப்பருகே கத்தியை நீட்டினான். பெரிய கத்தியெல்லாம் இல்லை. ஓடுகிற வழியில் பழக்கடையில் கைக்கு அகப்பட்டது. மாதுளம்பழச் சிவப்பு அதில் இன்னும் காயவில்லை.

செல்போன் திருட்டில் பிடிபட்டவன். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான், கோர்ட் வாசலில் போலீஸ்காரர் தும்மிய நேரம் பார்த்துக் கையை உருவிக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

“எங்கய்யா போகணும்?” என்றாள் பாண்டியம்மாள், ஆட்டோக்காரர் சவாரி கேட்பது போல.

“நெருப்பெரிச்சல், மாமியா வீடு. பொம்பளப் பிள்ள பொறந்து மூணு நாளாச்சுக்கா. ஒரு தடவ முகத்தப் பாத்துட்டாப் போதும். அப்புறம் அவிங்க தாராளமாப் புடிச்சுட்டுப் போகட்டும்.”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்தபடி நெருங்கியது.

“ஆத்தாடி, வந்துட்டாங்க!”

ஆக்சிலேட்டரை ஒரே முறுக்கு. கத்தி எங்கேயோ போய் விழுந்தது. வீரணன் இரண்டு கையாலும் பின்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். யார் யாரைக் கடத்துகிறார்கள் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“மஃப்டியில வர்றாங்கக்கா!”

அடுத்த முக்கில் இரண்டாவது கார் சேர்ந்தது. பாலம் தாண்டியதும் மூன்றாவது. வீரணனுக்குப் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. இத்தனை வருடத் தொழிலில் அவனைத் துரத்தி ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை.

“எனக்காகவா மூணு காரு!”

“பேசாமக் குனிஞ்சு உக்காருய்யா!”

பனியன் வேஸ்ட் மூட்டை ஏற்றி நின்ற டெம்போவுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கூட்டரை நுழைத்தாள். பின்னால் வந்த கார் உரசியதில் மூட்டை பிரிந்து, கலர் கலராகத் துணித் துண்டுகள் அதன் மேல் கொட்டின. கார் நின்றதா என்றால் இல்லை. வைப்பரைப் போட்டுத் துணியைத் தள்ளிக்கொண்டே வந்தது.

“நீ ஏன்க்கா இப்படிப் பயப்படுற?”

“மாட்டுனா ஒரு வாரத்துக்கு வெளிய விடமாட்டாங்கய்யா. போன தடவ பட்டது போதும்.”

“ஒரு வாரத்துக்கா இந்த ஓட்டம்? எனக்கு ஆறு மாசம்க்கா.”

என்ன கேஸ் என்று அவன் கேட்கவில்லை. அது தொழில் மரியாதை. ஆனால் அவள் மேல் அவனுக்குப் பாசமே வந்துவிட்டது.

நெருப்பெரிச்சல் சந்தில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. மூன்று கார்களும் வந்து வளைத்துக்கொண்டன. இன்னும் இரண்டு தெருதான், பிள்ளையைப் பார்த்திருக்கலாம். வீரணனுக்கு அழுகையே வந்தது. இறங்கி இரண்டு கையையும் தூக்கினான்.

“அக்காவ விட்டுருங்க சார், அவங்க மேல தப்பில்ல. நான் எங்கயும் ஓட மாட்டேன். பிள்ள முகத்த மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்.”

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் காரிலிருந்து இறங்கியவர் நேராக பாண்டியம்மாளிடம் போய்க் கும்பிட்டார்.

“ஏனுங்க பாண்டியம்மா, ஷிப்மென்ட் தேதிய வெச்சுக்கிட்டு, தைக்காம இப்படி ஓடுனா என் கம்பெனி என்னங்க ஆகறது?”

“தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துய்யா, ஒரு நாள் விடுங்கய்யா!”

“காதுகுத்து முடிச்சுட்டு எங்க கம்பெனிக்கு வந்துருங்க. ஊரு முழுக்கத் தேடியும் ஒரு டைலர் சிக்கலீங்க” என்று இரண்டாமவர் அவரை இடித்துத் தள்ளினார்.

மூன்றாவது கார்க்காரர் அந்தச் சண்டையில் சேரவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த பனியன் துண்டுகளைத் தட்டிவிட்டு, தூக்கிய கையோடு நின்ற வீரணனிடம் வந்து, காரின் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறுங்க தம்பி, முதல்ல போயிக் கொழந்தையப் பாத்துட்டு வந்தர்லாம். ஆமா, உங்களுக்குப் பனியன் தைக்கற ஓவர்லாக் மிசின் ஓட்டத் தெரியுங்களா?”