ஒரு சொட்டுகூட ஊத்தலை

"என்னங்க, சேறு எடுக்கிற மேடம் வந்துட்டாங்க!"

ஈஸ்வரி ஓடிவந்து சொன்னதும் மதிவாணன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது.

நாகப்பட்டினத்தில் ஆற்றோரம் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை அவனுடையது. கழிவு எண்ணெயை ஆற்றில் விட்டதாகப் பக்கத்துப் பட்டறைக்குப் போன வாரம்தான் சீல் வைத்தார்கள்.

"நீ உள்ளே போ. நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேசிக் கிழிச்சீங்க. வாயைத் திறந்தாலே மாட்டிக்குவீங்க."

அதற்குள் பேராசிரியை மாளவிகா வாசலுக்கே வந்துவிட்டார். முழங்கால்வரை சேறு. கையிலிருந்த பாட்டிலிலும் சேறு.

"உங்க பட்டறைக்குப் பின்னாடிதான் நான் எப்பவும் சேறு எடுப்பேன். போன தடவை எடுத்ததை லேப்ல பார்த்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஆத்துல எண்ணெய் ஊத்துறது நீங்கதானே?"

"நானா? இல்லைங்க மேடம்..."

"பொய் சொல்லாதீங்க. ஒரு போன் போட்டா அதிகாரிங்க வந்துடுவாங்க."

ஈஸ்வரி கணவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். இந்தப் பட்டறையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"ஊத்துனது நிஜந்தான் மேடம். பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு, கடலுக்கு விஷம் வைக்காதீங்கன்னு பேசுனீங்களே, அன்னைக்கே இவரோட சண்டை போட்டு நிறுத்திட்டேன். பொங்கல்லேர்ந்து ஒரு சொட்டுகூட ஊத்தலை. எல்லாத்தையும் கேன்ல பிடிச்சு, பழைய எண்ணெய் வாங்குறவர்கிட்ட கொடுத்துடுறோம். கேன் தூக்கித் தூக்கி இவர் இடுப்பே போச்சு. வேணும்னா வந்து பாருங்க, கரையில நண்டுகூடத் திரும்ப வருது!"

மதிவாணன் இடுப்பைத் தடவிக்கொண்டான்.

மாளவிகா, கவிழ்த்து வைத்திருந்த பேரல் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அதானா விஷயம்! இந்தச் சேத்துல எண்ணெயைத் தின்னு வாழுற பாக்டீரியா இருக்கும்மா. கடல்ல எண்ணெய் கொட்டினா, இந்த பாக்டீரியாவை வச்சே சுத்தம் பண்ணலாம். என் ஆராய்ச்சியே அதுதான். இப்போ அதுல பாதிக்கு மேல காணோம்."

"அப்போ சேறு சுத்தமாகிட்டு வருதுன்னுதானே அர்த்தம்? பட்டறையைப் பூட்ட மாட்டாங்களே மேடம்?" ஈஸ்வரி கைகூப்பினாள்.

மாளவிகா எழுந்து வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பூட்டாம நான் பார்த்துக்கிறேன். என் ஆராய்ச்சி முடியிற வரைக்கும் நீங்க பழையபடி ஊத்திக்கிட்டே இருங்க."