பரண கெல்ல

“றலியாக்கா, சிங்களத்தில ‘பரண’ எண்டா என்ன?”

பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த றலியா நிமிர்ந்து பார்த்தாள். எதிர் ஃபிளாட் நேசமலர், வழக்கமாக இருக்கும் மூலைக் கதிரையில், இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பழசு.”

“அப்ப ‘கெல்ல’?”

“பொட்டப் புள்ள. ஏன் புள்ள, சிங்களம் படிக்கப் போறியா?”

நேசமலர் இரண்டையும் சேர்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பழைய பெட்டை. “இன்னும் ஒண்டு இருக்கு. ‘மகன்ன பே’.”

“அழிக்க ஏலாது.” சொல்லிவிட்டு றலியா கத்தியைக் கீழே வைத்தாள். “இதெல்லாம் ஆர் சென்னது?”

“இவர்தான்.”

அவ்வளவுதான், பூசணிக்காயை றலியா மறந்துபோனாள்.

நேசமலரின் புருசன் சிவானந்தன் கொழும்புக்கு வந்து பதினைந்து வருடம். இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை. சிங்களம் தண்ணிபோல வரும். கலியாணம் முடித்துச் சாவகச்சேரியிலிருந்து இரண்டு வருடத்துக்கு முதல் வந்த நேசமலருக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. அந்தத் துணிவில்தான் வீட்டு ஃபோனிலேயே கதைக்கிறார் என்றாள். மூன்று கிழமையாகப் பின்னேரம் ஆறு மணிக்கு இதே கூத்து. இவள் பக்கத்தில் போனால் குரல் இறங்கிவிடும். நேற்றுக் குசினித் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். சத்தம் தெளிவில்லை. ஆனால் ‘பரண கெல்ல’ என்று இரண்டு தரமாவது காதில் விழுந்தது. பிறகு ‘மகன்ன பே’.

“பழைய பெட்டையை அழிக்க ஏலாதாம் அக்கா. மனசில இருந்து.”

“வேற என்ன சென்னார்?”

“அடு கரன்ன புளுவன் எண்டார்.”

“குறைக்கலாம்.”

“ஓ, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாராமோ? நல்ல மனுசன்.”

றலியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒரு ஆம்புளைக்கு இவ்வளவு நல்லாச் சிங்களம் வாறதெண்டா, அது ஒஃபிஸில மட்டும் படிச்சதா ஈக்காது என்று தன் பங்குக்கு ஒரு கொள்ளி வைத்தாள். தன் புருசன் இஸ்ஸதீன் இப்படி ஒரு வேலை பார்த்திருந்தால் அவருக்கு இப்போது சோறும் இல்லை, பாயும் இல்லை என்றாள்.

நேசமலரிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. காலையில் அவருடைய சேர்ட் பொக்கெட்டிலிருந்து எடுத்த துண்டு. அதில் ஒரு ஃபோன் நம்பர். பக்கத்தில் இங்கிலீஷில் ‘மிஸ் சமந்தி, நுகேகொடை, சனி 3’.

போன சனியும் அவர் நுகேகொடைக்குத் தனியாகத்தான் போனார். இவளால் கூடப் போக முடியாது. வழியில் எந்தச் செக்பொயின்ட் வந்தாலும் பஸ்ஸிலிருந்து ஆமி இவளைத்தான் முதலில் இறக்கும். கடைசியாக ஒருநாள் பொலிஸில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். அதோடு வெளியே போவதையே விட்டுவிட்டாள்.

“நான் வீட்டுக்குள்ள கிடக்கிறது அவருக்கு வசதியாப் போச்சு,” என்றாள். “அவள் எப்பிடி இருப்பாள் எண்டு இரவு முழுக்க யோசிச்சனான். மற்றதெல்லாம் எப்பிடியோ தெரியாது. முகம் மட்டும் நல்ல வழுவழுப்பா இருக்கும்.”

உடுப்புப் பையை அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள். வவுனியாவில் அண்ணன் இருக்கிறார். ஃபோனில் ஒரு பெண் குரல் கேட்டால் போதும், இன்றைக்கே போய்விடுவாள். பிறகு அவர் பழையதை வைத்திருந்தால் என்ன, புதியதைத் தேடினால் என்ன.

றலியா கையைத் துடைத்துக்கொண்டு நம்பரைச் சுழற்றினாள்.

எடுத்தது ஒரு பெண்தான். குரல் இனிமையாக வேறு இருந்தது. நேசமலர் எழும்பி வந்து ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். றலியா, தான் சிவானந்தன் மஹத்தயாவின் அக்கா என்று ஒரு பொய்யைச் சிங்களத்தில் விட்டாள். மற்றப் பக்கம் கடகடவென்று கதைத்தது. றலியாவின் புருவம் மேலே போனது. அங்கிருந்தபடியே பாதி பாதியாகச் சொன்னாள்.

“மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பாக்கலாமாம். சரிவராட்டி மேல்தோலைத் தேய்ச்சு எடுக்கலாமாம். லேசர் எண்டு ஒரு வெளிச்சமும் ஈக்காம். கடைசியா, வெட்டித் திருப்பித் தைக்கிறதாம்.”

“அவளுக்கு வருத்தமோ?” நேசமலருக்குக் குரல் கிழிந்தது. “எனக்குக் காய்ச்சல் வந்தா பனடோல் தந்திட்டு ஒஃபிசுக்குப் போற மனுசன், அவளை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு திரியிறாரோ?”

கோபத்தில் போய் மறுபடி மூலைக் கதிரையில் இருந்தாள்.

றலியா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“புள்ள, நீ கேட்டது பிழை. அவர் சென்னது ‘கெல்ல’ இல்ல, ‘கெலல’. கெலல எண்டா தழும்பு. இது தோல் டொக்டர்ட கிளினிக். சமந்தி அங்கத்த நர்ஸ்.”

நேசமலர் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“பழைய ஷெல்லடிக் காயமாம். முழுக்க அழிக்க ஏலாதாம், குறைக்கலாமாம். டொக்டர் உறுதியாச் செல்லுமட்டும் உனக்குச் செல்ல வேணாம், வீணா ஆசைப்படுவாய் எண்டு உன்ட மனுசன் சென்னாராம்.” றலியாவின் குரல் தணிந்தது. “இப்ப உன்ட பேருக்குக் கிளினிக் காட் எழுதுறா. எந்தக் கன்னமெண்டு கேக்கிறா. நானே சரியாப் பாத்ததில்லையே புள்ள.”

இரண்டு வருடமாக அந்த வீட்டுச் சுவருக்கு மட்டுமே காட்டிக்கொண்டிருந்த கன்னத்தை, நேசமலர் முதல்முறையாக ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.