பாதிக் குப்பி

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தின் மேல் வானம் கறுத்து நிற்கிறது. மழை இன்னும் விழவில்லை. பழுதுபார்க்கும் கடையில், பக்கத் தகடு கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தபடி வெரோனிகா உட்கார்ந்திருக்கிறாள். கப்பல் பட்டறையில், ஏறி நின்று வேலை செய்யும் இரும்புச் சாரம் சரிந்து அவள் கணவன் ஆர்னால்ட் இறந்தான். அந்தச் சாரத்தின் துருவேறிய மூட்டுகளை அதற்கு முதல் நாள் அவன் எடுத்து வைத்த படங்கள் இந்தப் பெட்டியின் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. நாளைக்கு அவன் சாவு பற்றிய விசாரணை. கடைக்காரன் கதிரேசன் பொத்தானை அழுத்துகிறான். காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம். "தண்ணி கிண்ணி பட்டுச்சாக்கா? பட்டிருந்தா சொல்லிடுங்க லா. ஈரத்தோட இன்னொரு வாட்டி ஆன் பண்ணா டிஸ்க்கும் சேர்ந்து போயிடும்." வெரோனிகாவின் கை பைக்குள் போகிறது. வேளாங்கண்ணி மாதா கோயில் தீர்த்தக் குப்பி பாதி காலியாக விரலில் தட்டுப்படுகிறது. பெட்டி பழுதாகி நின்றதும், மற்ற பாதியைக் காலையில்தான் ஜெபம் சொல்லி, அதன் மேல் துளைகள் வழியாகத் தெளித்தாள். மாதாவின் தீர்த்தம் கெடுதல் செய்யும் என்று அவளால் நினைக்கவே முடியவில்லை. "எதுவும் படல தம்பி," என்கிறாள். கதிரேசன் தலையாட்டிவிட்டு மறுபடி பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகிறான். டிஸ்க்கின் அடியில் ஒரு சொட்டு, குழல்விளக்கு வெளிச்சத்தை வாங்கி மினுங்குகிறது. வெரோனிகா உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து மட்டும்தான் அது தெரிகிறது.