முழு நேர முதலாளி

கடன் விண்ணப்பத்தின் பதினேழாவது கேள்வியில் அவள் பேனா நின்றுவிட்டது.

பதினாறு வரைக்கும் ஒரே ஓட்டம். வயது, பதினெட்டு. தொழில், டோபி கடை (சலவை), கிள்ளான். கடனில் வாங்கப்போவது, துணி உலர்த்தும் பெரிய இயந்திரம். உரிமையாளர் மலேசியக் குடிமகளா? ஆம்.

ஊழியர்கள், ஒருவர். அஞ்சலை.

அஞ்சலை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா.

கடை அம்மாவுடையது. பதினோரு வருடமாக. ஆனால் அம்மாவிடம் இருப்பது சிவப்பு ஐசி, நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை. இதே நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். பிறப்பை யாரும் பதியவில்லை. ஆயுசுக்கும் இங்கே இருக்கலாம். குடிமகள் இல்லை.

அரசாங்கக் கடன் குடிமக்களின் நீல ஐசிக்கு மட்டும்தான்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் நீலம் இவளிடம் மட்டும் இருக்கிறது. அதனால் போன வாரம் கடையை இவள் பெயருக்கு மாற்றினார்கள்.

மூன்று வாரமாக மழை. கடைக்குள் ஈரத் துணி நாறுகிறது. வாடிக்கையாளர்கள் எதிர் வரிசையில் காசு போட்டு உலர்த்தும் கடைக்குப் போகிறார்கள். நேற்று ஒருவர்கூட வரவில்லை.

பதினேழு. உரிமையாளர் ஐந்து வருடமும் முழு நேரம் கடையில் இருக்க வேண்டும். வேறு வேலை, படிப்பு கூடாது. சம்மதமா?

இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.

அவள் கைப்பேசியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

பாலிடெக்னிக் கடிதம் அதில் ஆறு நாளாகக் கிடக்கிறது. பினாங்கில் இடம். மின்னியல். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஐந்து வருடம். இருபத்து மூன்று.

"என்னா, முதலாளியம்மாவுக்குக் கை வலிக்குதா?" அம்மா எட்டிப் பார்த்தாள். மலாய் பேசுவாள், படிக்கத் தெரியாது. "மறக்காம எழுது பாப்பா. ஊழியருக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணுமாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அவர்களுடைய வரிசை எண் வந்துவிட்டது.

முகப்பு மேசையில் இருந்த அதிகாரியின் சட்டையில் தர்ஷினி என்று இருந்தது. தாள்களைச் சரசரவென்று புரட்டினாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"பதினேழு காலியா இருக்கே, தங்கச்சி. படிக்கிறீங்களா?"

"இல்லலா." அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் முடிஞ்சிருச்சி. இனிமே எங்கூடத்தான் இருப்பா."

குரலில் அப்படி ஒரு பெருமை.

அதிகாரி தாளை மகள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சொல்லக் கூடாது. அவங்கதான் சொல்லணும். கடை ஓனர் அவங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். வெளியே மழை வலுத்தது. அம்மா வாயில் இருந்த பிஸ்கட்டை மெல்லாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இல்லை' என்ற கட்டத்துக்குமேல் பேனா போனது. 'ஆம்' பக்கம் வந்தது.

மூடி போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ம்மா, கொஞ்சம் வெளிய வாங்க. ஒன்னு சொல்லணும்."

அம்மா பிஸ்கட்டை விழுங்கினாள்.

எழுந்தாள். கைப்பையை மட்டும், யாரும் உட்கார்ந்துவிடாதபடி, நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.