பெரியவளின் வலது கை

"பயப்படாதீங்கம்மா, இப்பதான் மயக்கம் கொடுத்திருக்காங்க. இனிமேதான் கத்தியே வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறுதல் சொல்கிற லட்சணம்!

உள்ளே பெரியவள். வெளியே பெஞ்சில் நானும் சின்னவளும். இரட்டைப் பிள்ளைகள், உரித்து வைத்த மாதிரி ஒரே முகம்.

ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் பெரியவளுக்கு வலது முன்கை முறிந்தது. கட்டுப் போட்டோம். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. கையைக் கவிழ்ப்பாள், மலர்த்த வராது. அன்றிலிருந்து யார் யாரென்று எனக்குக் குழப்பமே இல்லை. கையைப் பார்த்தே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

எலும்பை அறுத்து, நேராக்கி, தகடு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மறுபடி உடைக்கப் போகிறார்கள் என்பதுதான் பெரியவள் காதில் விழுந்தது. அதிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போர்வைக்குள் இரண்டும் குசுகுசுவென்று பேசும். நான் போனால் கப்சிப்.

ஆனால் இன்று காலை பார்க்க வேண்டுமே! இரண்டும் ஒன்றாக பாத்ரூமுக்குள் போயின. பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தவள் சமர்த்தாகக் கட்டிலில் ஏறி, கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அழுகை இல்லை, அடம் இல்லை. தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் பிள்ளைக்கு இவ்வளவு தைரியமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நடுங்கியதெல்லாம் சின்னவள்தான். ஸ்வெட்டருக்குள் விரலைக்கூட இழுத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். போனவளே சிரித்துக்கொண்டு போகிறாள், உனக்கென்னடி வந்தது என்று கடிந்துகொண்டேன்.

பாவம், பிஸ்கட்டாவது தின்னட்டும் என்று பையைத் திறந்தேன். ஆஸ்பத்திரி ஆயிற்றே, முதலில் சானிடைசரை எடுத்து, கையைக் காட்டு என்றேன்.

தயங்கித் தயங்கி நீட்டினாள். நான் பாட்டிலைப் பிதுக்கினேன். அது புறங்கையில் விழுந்து வழிந்தது.

திருப்புடி, என்றேன் எரிச்சலாக.

தோளைச் சாய்த்தாள். முழங்கையைத் தூக்கினாள். உடம்பையே ஒருபக்கமாக வளைத்தாள். கை திரும்பவில்லை.

ஐயோ.

பாட்டில் எங்கே விழுந்ததோ தெரியாது. ஓடிப்போய்க் கதவைத் தடதடவென்று தட்டினேன். அது நல்ல கை, நல்ல கை என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் திறக்கவில்லை.

பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள் பெரியவள்.

"தட்டாதம்மா, டாக்டர் கை ஆடிடும்."