அடுப்புக்கு அடியில்

பிரின் மலையிலிருந்து நடந்தே வந்த தோன்கா, மாவட்ட ஆட்சியர் அறையில் உட்காரக்கூட இல்லை.

"மெத்தோதி, அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினான்னு என் பையனைப் பிடிச்சிட்டாங்க."

"எங்கக்கா?"

"என் ரொட்டி அடுப்புக்கு அடியில. அன்னைக்கு உன்னை ஒளிச்சு வச்சேனே, அதே குழி."

ஆட்சியர் பேனாவை மூடினார். சட்டம் படித்து வக்கீலாவதற்கு முன், துருக்கி ஆட்சியை எதிர்த்துப் போராடிய காலத்தில், தாடியும் துப்பாக்கியுமாக அவர் சுருண்டு கிடந்த குழி அது.

"துருக்கிக்காரனாலயே கண்டுபிடிக்க முடியல. இவங்க நேரா வந்து அடுப்புக் கல்லைத் தூக்குறாங்க. அந்தக் குழி தெரிஞ்சவங்கள்ல உசுரோட இருக்கிறது நான், நீ, என் கொழுந்தன் நௌம். நடுத்தெருவுல அவன் மூஞ்சில துப்பிட்டுத்தான் வர்றேன்."

"அவசரப்பட்டுட்டீங்க அக்கா."

"பின்ன, உன் மூஞ்சிலயா துப்பச் சொல்ற?"

கதவு திறந்தது. போலீஸ் சார்ஜெண்ட் விறைப்பாக சல்யூட் அடித்தான்.

"ஐயா, பயிற்சிப் பள்ளியில நீங்க நடத்தின பாடம் வீண்போகல. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல ரொட்டி அடுப்புக் கல்லைத் தூக்குங்கன்னு சொன்னீங்களே. நேத்து ஒருத்தன் மாட்டிட்டான்."

தோன்கா ஆட்சியரின் முகத்தையே பார்த்தாள்.

"நௌம்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் துப்பவில்லை. ஆனாலும் ஆட்சியர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.